சத்திரம் பள்ளியாகி, மண்டபமாகி: பழைய சத்திரக் கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரைப் பக்கம் பழைய சாலைகளை ஒட்டி இன்னும் பல சத்திரங்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர்கள், அவற்றில் பள்ளி நடத்தும் தலைமையாசிரியர்கள், ஊராட்சி மன்றத்தார், ஊர் வரலாறு எழுதுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

சத்திரம் என்றால் வழிப்போக்கருக்குச் சோறு போடும் இடம்தானே?

சோறு அதன் ஒரு பகுதி. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1799-இல் ஆட்சியைக் கும்பினியிடம் (கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) ஒப்படைத்தபின், சத்திரங்களையாவது தன் பொறுப்பில் விடச் சொல்லி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு (தஞ்சையில் இருந்த கும்பினிப் பிரதிநிதிக்கு) ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் அன்றாடம் என்ன நடந்தது என்பதை அறிய அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் சாமானும் கொடுப்பார்கள். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள், ஒரு பள்ளி வாத்தியார், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள் இருந்தார்கள். வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு மூன்று வேளை சாப்பாடும், நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய்க் குளியலும் தந்தார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் பிரசவமான பெண் மூன்று மாதம் தங்கலாம். வழியில் இறந்தவருக்கு ஈமச்சடங்கும் சத்திரச் செலவில்தான்.

ஆக, விடுதி, பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம் ஆகிய நான்கும் தொடக்கத்திலேயே ஒரு கூரையின்கீழ் இருந்தவை. “சத்திரத்தைப் பள்ளிக்கூடமாக்கிக் கெடுத்துவிட்டார்கள்” என்று குறைப்படுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது. பள்ளி அங்கே புதிதாக வந்து ஏறியதல்ல.

எல்லோருக்கும் ஒரே பந்தியா?

இல்லை. பிராமணர் முதல் பறையர்வரை எல்லோருக்கும் உணவு உண்டு என்றே அந்தக் கடிதம் சொல்கிறது. ஆனால் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைக் கட்டடம்தான் சொல்லும். உள்கட்டில் ஒரு சமையற்கூடம், அதை ஒட்டிய கூடம், தனிக் கிணறு. பின்கட்டிலோ வெளித்தாழ்வாரத்திலோ இன்னொரு பரிமாறும் இடம், அதற்குத் தெருவிலிருந்து தனி வாசல். பல சத்திரங்களின் அமைப்பு இதுதான். 1938-இல் சென்னை மாகாணம் பொது இடங்களில் சாதித் தடைகளை நீக்கச் சட்டம் இயற்றியது. அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பொது விடுதிகளில் பாகுபாட்டைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகு பல இடங்களில் பின்வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கட்டடத்தின் படம் வரையும்போது அடைத்த வாசலையும் குறியுங்கள். அதை விட்டுவிட்டால் சத்திரத்தின் வரலாற்றில் பாதி விடுபட்டுப் போகும்.

இவ்வளவு நன்றாக நடந்தவை ஏன் நொடித்தன?

காரணம் மூன்று. முதலாவது, நிர்வாகம் கைமாறியது. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சத்திரங்கள், பாலங்கள், கோயில்களின் மானியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. 1855-இல் தஞ்சை அரசே கும்பினிக்குப் போனதும் அரண்மனைச் சத்திரங்களும் அதன் பின்னே போயின. பிறகு உள்ளூர் நிதி வாரியங்கள் வந்தன. சத்திர வருமானத்தில் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்தலாமே என்ற எண்ணமும் வந்தது.

இரண்டாவது, ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இலும் திருச்சிக்கு 1862-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் இராமேசுவரத்துக்கு நடந்து போக வேண்டிய தேவை போயிற்று. ஒருநாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக இருந்த சத்திரங்களுக்கு ஆள் வரவில்லை. அதே ரயில் வேறோர் இடத்தில் சத்திரங்களுக்கு உயிர் கொடுத்தது. சென்னை சென்ட்ரல் அருகே ராமசாமி முதலியார் சத்திரம் ரயில் பயணிகளை நம்பியே எழுந்தது. மதுரையில் மங்கம்மாள் சத்திரத்துக்கு எதிரிலேயே ரயில் நிலையம் வந்தது.

மூன்றாவது, நிலம். சத்திரம் என்பது கட்டடமும் அதற்கு எழுதிவைத்த நஞ்சையும் சேர்ந்தது. குத்தகை நெல் வராமல் நின்றுபோனால் அடுப்பும் அணைந்துவிடும்.

அதற்குப் பிறகு என்னென்னவாகப் பயன்பட்டன?

பள்ளி, மாணவர் விடுதி, தாலுகா கச்சேரி, தபால் நிலையம், நூலகம், நெல் கிடங்கு, ரேஷன் கடை, வாக்குச்சாவடி, புயல் நிவாரண முகாம், கல்யாண மண்டபம் என்று பட்டியல் நீளும். ஒரே கட்டடத்தில் இவற்றில் நாலைந்து வரிசையாக வந்திருக்கும். ஒரத்தநாட்டில் சரபோஜி 1802-இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் பிற்காலத்தில் பள்ளியும் விடுதியும் இயங்கின. சில ஊர்களில் கட்டடத்தின் பயன்பாடு போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. ஒட்டன்சத்திரம், சேதுபாவாசத்திரம், திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் எல்லாம் அப்படித்தான்.

எங்கள் சத்திரத்தில் எப்போது என்ன நடந்தது என்று கட்டடத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். கையில் ஒரு டார்ச், அளவுநாடா, சிறு கத்தி, நோட்டு இருந்தால் போதும். முதலில் 1:50 அளவில் தரைப்படம் வரையுங்கள். ஒவ்வோர் அறைக்கும் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழைய அறைகள் சரியான செவ்வகமாக இருப்பதில்லை. மூலைவிட்டம் இல்லாமல் வரைந்தால் கடைசிச் சுவர் பொருந்தாது. படத்தில் சுவர்த் தடிமன் மாறும் இடமெல்லாம் பிற்காலச் சேர்க்கையாக இருக்கக்கூடும்.

அடுத்து மேலே பாருங்கள். உத்தரங்களில் கரி படிந்த அறை பழைய அடுப்படி, இன்று அது தலைமையாசிரியர் அறையாக இருந்தாலும் சரி. தரைமட்டத்தில் சுவரைத் துளைத்துப் போகும் கழிவுநீர்த் தூம்பு அதை உறுதி செய்யும். தேக்கு உத்தரங்களுக்கு நடுவே இரும்பு உத்தரம் இருந்தால் அதன் பக்கவாட்டில் புடைப்பெழுத்தைத் தேடுங்கள். டார்மன் லாங் போன்ற ஆலைப் பெயர் இருந்தால் அந்த அறையின் கூரை ரயில் வந்த பிறகு மாற்றப்பட்டது. சீமை ஓடு வேய்ந்திருந்தால் ஒன்றைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், ஆலை முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியது 1865-இல். ஆகவே அந்த ஓடு அதற்கு முன்பு அங்கே ஏறியிருக்க முடியாது.

சுவர்ப்பூச்சுத்தான் இதில் மிகச் சுவையான பகுதி. யார் கையும் படாத ஒரு மூலையில், கதவு நிலைக்குப் பின்னால் என்றால் நல்லது, 5 செ.மீ. சதுரத்தில் ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டுங்கள். அடுக்குகளைப் படிக்கட்டு மாதிரி விட்டுக்கொண்டே போக வேண்டும். மேலே எமல்ஷன், அதன் கீழ் டிஸ்டெம்பர், அதற்கும் கீழே நீலமோ காவியோ கலந்த சுண்ணாம்பு அடுக்குகள், கடைசியில் வழவழப்பான பழைய பூச்சு. இரண்டு அறைகளில் நீல அடுக்கு இருந்து மூன்றாவது அறையில் இல்லையென்றால், அந்தக் காலத்தில் மூன்றாவது அறை பூட்டிக் கிடந்திருக்கும், அல்லது வேறொருவர் வசம் இருந்திருக்கும். சுண்ணாம்பின்மேல் நேரே எமல்ஷன் வந்தால் அந்தச் சுவரில் நெடுங்காலம் யாரும் கை வைக்கவில்லை.

சிமெண்டால் சுவரோடு பூசிய கரும்பலகை பள்ளிக் காலத்தைக் காட்டும். மரச்சட்டத்துக்குள் ஓடும் மின்கம்பி பழையது, பிளாஸ்டிக் குழாய் அண்மைக்காலத்தது. வாசலில் சுமைதாங்கிக் கல், கல்தொட்டி, சுவரில் மாடு கட்டும் வளையம் இருந்தால் ஊர்ச்சாலை ஒருகாலத்தில் அந்தப் பக்கமாக ஓடியது. இன்று வாசல் வேறு திசையில் இருந்தாலும் அதுதான் முன்பக்கம்.

கல்வெட்டில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பும். விபவ என்றால் 1868, 1928, 1988 மூன்றுமே ஆகும். கூடவே வேறு எண் இருக்கிறதா பாருங்கள். சகாப்தம் என்றால் 78-ஐயும், பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்றால் 590-ஐயும் கூட்டுங்கள். கலியுக ஆண்டென்றால் 3101-ஐக் கழியுங்கள். ஓராண்டு முன்பின் ஆகலாம். பசலி ஜூலையில் பிறக்கும், தமிழ் ஆண்டு சித்திரையில். எண்ணே இல்லையென்றால் கல்வெட்டில் வரும் கொடையாளியின் பெயரை இனாம் பதிவேட்டில் (மானிய நிலங்களின் பழைய பதிவேட்டில்) தேடுவதுதான் வழி. கல்வெட்டின்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால் பெரும்பாலும் படிக்க வந்துவிடும்.

எந்தெந்த ஆவணங்களைத் தேட வேண்டும்? எந்த வரிசையில்?

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு, சிட்டா, புலப்படம். நகரமென்றால் நகர நில அளவைப் பதிவேடு. இதில் சத்திரத்தின் இன்றைய சர்வே எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நேரே நூறாண்டுக்கு முந்தைய பதிவேட்டைப் புரட்டினால் வேறு யாருடைய வயலோதான் வரும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். எனும் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் உட்பிரிவாகியும் பெயர் மாறியும் போயின. பழைய எண்–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கிய பிறகே மேலே போகலாம். “சத்திரம் தர்மம்” என்று இருந்த இடம் யு.டி.ஆரில் அரசுப் புறம்போக்கு என்றோ, அன்று அங்கே குடியிருந்தவர் பெயரிலோ ஏறியிருப்பது சகஜம். உரிமை வழக்குகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

அடுத்து வில்லங்கச் சான்று. இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அதற்கும் பின்னே போனால் இனாம் பதிவேடு. 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் ஒவ்வொரு மானிய நிலத்துக்கும் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், பரப்பு எவ்வளவு, அப்போது யார் அனுபவித்தார் என்று எழுதிவைத்தது. ஒரு சத்திரத்துக்கு ஒரே ஓர் ஆவணம்தான் தேடமுடியும் என்றால் இதைத் தேடுங்கள். மாவட்ட ஆட்சியரகப் பதிவறையிலோ எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ கேட்கலாம். மராட்டியர் காலத்துக் கணக்குகள் மோடி எழுத்தில், அதாவது மராத்தியை எழுதிய பழைய எழுத்துமுறையில் இருக்கும். சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அவை உள்ளன. மோடி படிக்கத் தெரிந்தவர் துணை இல்லாமல் போய்ப் பயனில்லை.

பள்ளி நடந்த இடமென்றால் சேர்க்கைப் பதிவேட்டையும் ஆய்வாளர் குறிப்பேட்டையும் மறவாதீர்கள். “மேற்குத் தாழ்வாரம் ஒழுகுகிறது, மூன்றாம் வகுப்பைக் கூடத்துக்கு மாற்றவும்” என்பது போன்ற ஒரு வரி அறைகளின் வரலாற்றையே தந்துவிடும்.

சத்திரத்தைக் கல்யாண மண்டபமாகக் குத்தகைக்கு விடலாமா?

முதலில் அது யார் நிர்வாகத்தில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்: அறநிலையத்துறை, ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாவட்ட ஆட்சியர், தனி அறக்கட்டளை, இவற்றில் எதுவும் இருக்கலாம். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்கீழ் வருவதென்றால், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். தனி அறக்கட்டளை என்றால் மூலப் பத்திரத்தில் எழுதிய நோக்கமே எல்லை. அன்னதானத்துக்கென்று எழுதிய கட்டடத்தில் வருமானம் பார்க்கலாம், அந்த வருமானம் அன்னதானத்துக்குப் போகிறதா என்று நாளை யாரேனும் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் ஓர் ஆணி அடிக்கவும் அவர்களைக் கேட்க வேண்டும்.

சரி, கட்டடம் தாங்குமா?

எல்லோரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இதுதான். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 பகுதி 2 தரும் கணக்கைப் பாருங்கள். தங்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடை), வகுப்பறைக்கு 3, அருங்காட்சியகத்துக்கு 4, நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு 5. புத்தக அடுக்கு அறைக்குக் குறைந்தது 6. அதாவது மாடியில் விடுதி நடத்திய இடத்தில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றினால் சுமை இரண்டரை மடங்காகிறது, நூலகம் வைத்தால் மூன்று மடங்கு. தரைத்தளத்தில் இந்தக் கவலை குறைவு.

சத்திரம் முதலில் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கு நெருக்கமான பயன்பாடே அதற்கு ஒத்துவரும். தங்கல், பாடம், மருந்தகம், சிறு கூட்டம் எல்லாம் இடிக்காமலே அடங்கும். ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் ஆயிரம் பேர் பந்தியும் அடங்கா. அவற்றை அடக்கப் போய்த்தான் நடுச்சுவரை எடுக்கிறார்கள். அந்தச் சுவர்மேல்தான் இரண்டு பக்கத்து உத்தரங்களின் முனையும் உட்கார்ந்திருக்கும்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது இன்னொரு பெருந்தவறு. 2,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் இரண்டு டன். அது ஒன்றரைச் சதுர மீட்டருக்குள் மொத்தமாக அழுத்தும். தொட்டியைக் கட்டடத்துக்கு வெளியே இரும்புத் தாங்கியில் வையுங்கள்.

முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடினால் என்ன?

வேண்டாம். முற்றம்தான் அந்தக் கட்டடத்தின் மூக்கு. சூடான காற்று அதன்வழியாகத்தான் மேலே ஏறி வெளியேறுகிறது. மூடினால் மே மாதத்தில் உள்ளே இருக்க முடியாது, மழைக்காலத்தில் ஈரம் வெளியேறாது. ஷீட்டில் விழும் தண்ணீர் முன்பு முற்றத்து வடிகாலுக்குப் போனது, இப்போது தாழ்வாரச் சுவரில் இறங்கும். தூண்களின் அடி உப்புப் பூத்து உதிரும். விழாவுக்கு நிழல் தேவையென்றால் அன்றைக்குத் துணிப்பந்தல் கட்டி மறுநாள் அவிழ்த்துவிடுங்கள். பறவைத் தொல்லைக்கு வலை போதும்.

சுவரின் அடிப்பகுதி உதிர்கிறது. இரண்டுமுறை சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை.

சிமெண்ட் பூசியதால்தான் நிற்கவில்லை. நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அது பூச்சின்வழி ஆவியாகிப் போனது. சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. ஈரம் சிமெண்டின் மேல்விளிம்புவரை ஏறி, அங்கே உப்பைக் கக்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சேதம் ஓர் அடி உயரத்தில் தள்ளித் தொடங்குகிறது.

செய்ய வேண்டியது: ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை சிமெண்டை உளியால் எடுங்கள். டிரில் இயந்திரம் வேண்டாம், செங்கலும் சேர்ந்து வரும். வெளியே தரைமட்டம் ஏறியிருக்கிறதா பாருங்கள். சாலை போடப் போட மண் உயர்ந்து, பழைய படிகள் இரண்டு மூன்று புதைந்திருக்கும். சுவரை ஒட்டி மண்ணை வெட்டி நீர் விலகி ஓடச் சாய்வு கொடுங்கள். பிறகு ஒரு கோடை முழுதும் சுவரைக் காயவிடுங்கள். பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு மணல். ஈரம் மிகுந்த இடத்தில் மணலில் மூன்றிலொரு பங்குக்குப் பதில் செங்கல் தூள். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்குள் மூன்று வாரமாவது ஊறியிருக்க வேண்டும். சரியாக நீறாத கட்டிகள் சுவரில் ஏறிய பிறகு வெடித்துச் சிறு குழிகளை உண்டாக்கும். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரம் இடைவெளி. பத்து நாள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். மேலே எமல்ஷன் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது. மேலே கான்கிரீட் போடலாமா?

போடக்கூடாது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரங்கள்மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குச்சாய்வாக நிறுத்திவைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த கூரை. அதன்மேல் 5 செ.மீ. கான்கிரீட் என்றால் சதுர மீட்டருக்குக் கூடுதலாக 120 கிலோ. தங்கும் அறைக்கு அனுமதித்த மொத்தச் சுமையில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். ஒழுகலும் நிற்காது, உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் உத்தர முனைகளை அழுகவைக்கும்.

உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி ஒரு செ.மீ.க்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. அந்த உத்தரத்தின் கீழ் உடனே முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். மாற்றுத் துண்டு வைக்கும்போது முனையைச் சுற்றிக் காற்றோட இடம் விட வேண்டும், கலவை வைத்து இறுக்கி அடைத்தால் சில மழைக்காலத்தில் அதுவும் அழுகும். மேல்தளத்தில் விரிசல்விட்ட தட்டோட்டை மட்டும் எடுத்து, கீழே உள்ள ஜல்லிக் கலவையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தை மட்டும் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்துச் சரிசெய்தால் போதும்.

கழிப்பறை எங்கே கட்டுவது?

பழைய கட்டடத்துக்குள் அல்ல. தனியாக, கிணற்றுக்கு எட்டத்தில். தாழ்வாரத்து மூலையை அடைத்துக் கழிப்பறை ஆக்கிய இடங்களில் குழாய்க் கசிவால் சுவர் அரித்திருக்கும்.

பள்ளிக்காலக் கரும்பலகை, அலுவலகக்காலத் தடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கலாமா?

தடுப்பு உத்தரத்தையோ தூணையோ கெடுக்கிறதென்றால் எடுங்கள். காற்றையும் வெளிச்சத்தையும் மறித்தாலும் எடுக்கலாம். கரும்பலகை யாருக்கும் தீங்கு செய்யவில்லை, அந்த ஊரில் எழுதப் படிக்கக் கற்ற முதல் தலைமுறை அதன் எதிரேதான் உட்கார்ந்திருந்தது. எதை எடுத்தாலும் எடுக்கும் முன் அளவோடு படம்பிடித்து, தேதி போட்டு, ஒரு பிரதியைக் கட்டடத்திலும் இன்னொன்றைக் கிளை நூலகத்திலும் வையுங்கள்.

ஆண்டுதோறும் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசிக்குள், ஆள் ஏறி மேல்தளத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கும் வாய்களில் இலை, கிரிக்கெட் பந்து, செத்த காகம் எதுவும் இருக்கலாம், எடுங்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கீழே எங்கே வருகிறது என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் தண்டு மட்டும் வந்து வேர் உள்ளே தழைக்கும். இரண்டு வரிசைச் செங்கல்லைக் கழற்றி வேரோடு எடுத்துச் சுண்ணாம்புக் கலவையில் திரும்பக் கட்ட வேண்டும். கன்று விரல் பருமனில் இருக்கும்போதே செய்தால் ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை.